நெருப்பு மலைக்குப் போகும் செலவு

ரீயூனியன் என்ற அந்தத் தீவின் பெயர் பொன்னியின் வாயில் நுழையவே ஒரு மழைக்காலம் ஆனது. முதலில் ரேணியம் என்றாள். பிறகு ரூணியன் என்றாள். கடைசியில் அந்த ஊர்க்காரி மரியானே சிரித்துக்கொண்டு, "தீவு போதும்" என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து அவர்கள் இருவருக்கும் அது வெறும் தீவுதான்.

பொன்னியின் வீடு அண்ணாமலை அடிவாரத்தில், செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டி இடது கைப்பக்கம் திரும்பும் சந்தில் இருந்தது. கீழே அவள், மேலே வாடகைக்கு விடும் ஆறு அறைகள். கணவர் பலராமன் இருந்தபோது கட்டியது. அவர் நெஞ்சுவலியில் போன பிறகு அந்த ஆறு அறைகள்தான் அவளுக்குச் சோறு போட்டன, மகள் மதிவதனியைப் படிக்க வைத்தன. மகள் இப்போது சென்னையில் வேலையில் இருக்கிறாள்.

மரியான் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட டீச்சர். ஆண்டுதோறும் கார்த்திகைக்கு முன்னால் வந்தால் தை முடிந்துதான் கிளம்புவாள். அவளுடைய பாட்டனுக்குப் பாட்டனைக் கரும்பு வெட்டக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். அவளுக்குள் மிஞ்சியிருந்த தமிழ் ஒரு கைப்பிடி. அம்மா, தண்ணி, சாமி, மலை, நெருப்பு, தூக்கம், போதும், இப்படிச் சில சொற்கள். பொன்னிக்குத் தெரிந்த இங்கிலீஷ் அதைவிடக் கம்மி. ஆனாலும் சமையலறையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பாஷையில் பேசாத பேச்சில்லை. மரியான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே தன் புருஷன் விட்டுப்போன கதையைச் சொல்வாள். பொன்னி ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே பலராமனைப் பற்றிச் சொல்வாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுத நாளும் உண்டு.

ஒருநாள் மரியான் தன் போனில் ஒரு மலையைக் காட்டினாள். மலையின் தோள் பிளந்து சிவப்பாய்க் குழம்பு வழிந்தது. ஜனங்கள் குடையும் கோட்டுமாய்த் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"உன் மலை, நெருப்பு. தூக்கம்" என்று சன்னலுக்கு வெளியே அண்ணாமலையைக் காட்டினாள். பிறகு போனைத் தட்டினாள். "என் மலை, நெருப்பு. தூக்கம் இல்ல. நீ வா."

பொன்னி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். நெருப்பாய் நின்ற மலை என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் அவள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் பிறந்து, இங்கே வாழ்க்கைப்பட்டு, பௌர்ணமிதோறும் சுற்றி வந்தவள். அந்த நெருப்பைக் கண்ணால் பார்த்ததில்லை. நிஜமாகவே எரிகிற ஒரு மலை, அதன் அடிவாரத்தில் தமிழ்ப் பேர் வைத்துக்கொண்டு வாழ்கிற ஜனங்கள். போய்ப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. அதுவரைக்கும் தனக்கென்று அவள் எதையும் கேட்டதில்லை.

மகளோடு போனில் செலவைப் பேசினாள். விமான டிக்கெட், வீசா, குளிருக்கு ஸ்வெட்டர், அறைகளைப் பூட்டிவிட்டுப் போவதால் நிற்கிற வாடகை. எப்படிக் கூட்டினாலும் கையிலிருந்தது பாதிக்குத்தான் வந்தது.

"அம்மா, ஒரு வருஷம் பொறு. நான் குடுக்கறேன்" என்றாள் மதிவதனி.

"உன் கல்யாணத்துக்கு வெச்சுக்க. என் கழுத்துல கீறத வித்து நான் பாத்துக்கறேன்."

பலராமன் வீடு கட்டி முடித்த வருஷம் வாங்கிப் போட்ட ரெட்டை வடச் சங்கிலி அது. அவர் போன பிறகும் அவள் கழற்றவில்லை. மாமியார் வழியில் யாரோ முணுமுணுத்தபோதும் கழற்றவில்லை. அதைத்தான் விற்றாள்.

காசைக் கோதண்டராமனிடம் கொடுத்தாள். அவன் பலராமனுக்குச் சித்தப்பா மகன், அவளுக்குக் கொழுந்தன். பாண்டிச்சேரி ஓட்டல் ஒன்றில் வேலை பார்த்துப் பிரெஞ்சு பேசக் கற்றுக்கொண்டு வந்து, ஆசிரமத்துக்குப் பக்கத்தில் டிராவல்ஸ் வைத்திருந்தான். அந்தத் தீவிலிருந்து வரும் கூட்டத்தையெல்லாம் அவன்தான் கோயில் கோயிலாக அழைத்துப் போவான். மரியானையும் முதல் முதலில் பொன்னி வீட்டில் கொண்டுவந்து விட்டது அவனே.

"அண்ணி, நீங்க பெட்டி மட்டும் கட்டுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றான்.

அந்தப் பங்குனியில் அவன் கடை வாசலில் புதிதாக ஒரு டெம்போ டிராவலர் வந்து நின்றது. குடும்பத்தில் மூத்தவள் என்று பொன்னியைக் கூப்பிட்டார்கள். அவள் போய் வண்டிக்கு ஆரத்தி எடுத்தாள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். அவன் மனைவி ரேவதி அவளுக்குப் புடவை வைத்துக் கொடுத்தாள்.

சித்திரையில் அவன் பாஸ்போர்ட்டோடு வந்தான். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"வீசா குடுக்கலண்ணி. தனியா கீற பொம்பள, திரும்பி வருவாங்களான்னு சந்தேகமாம். டிக்கெட் துட்டும் திரும்பி வராது. நான் எவ்வளவோ பேசிப் பாத்தேன்."

பொன்னி பாஸ்போர்ட்டை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "மரியானம்மா காத்துனு இருப்பாங்களே."

"அவங்ககிட்ட நானே பக்குவமா சொல்லிட்டேன். விடுங்க. அண்ணன் போயி நாலு வருஷம் ஆவல. இந்த வயசுல நீங்க தீவுக்குப் போயி இன்னா பண்ணப் போறீங்க? ஊரு வாய மூட முடியுமா? எல்லாம் நல்லதுக்குதான்னு நெனச்சுக்குங்க."

மரியானிடமிருந்து அன்று மாலை கைகூப்பும் படம் ஒன்று மட்டும் போனில் வந்தது. வீசா கிடைக்காததற்கு அவளும் வருத்தப்படுகிறாள் என்று பொன்னி நினைத்தாள். அவளும் ஒரு கைகூப்பும் படம் அனுப்பினாள்.

ஆடி மாதம் மரியானின் எண்ணிலிருந்து தமிழில் ஒரு செய்தி வந்தது. மரியானுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. பொன்னி கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"வணக்கம். நான் மரியானின் தம்பி வாயாபூரி. பாண்டிச்சேரியில் தமிழ் பயின்றவன். என் தமக்கை நேற்று இறைவனடி சேர்ந்தாள். தங்களுக்காக ஓர் அறையை ஆயத்தம் செய்து வைத்திருந்தாள். தாங்கள் விமானத்திற்கு அஞ்சி வர மறுத்துவிட்டீர்கள் என்று கோதண்டராமன் தெரிவித்தபோது மிகவும் வருந்தினாள். ஆயினும் தங்கள் மீது அவள் கோபம் கொள்ளவில்லை."

கடைசி வரியில்தான் பொன்னி உடைந்தாள். கோபம் கொள்ளவில்லையாம். கோபப்பட என்ன இருந்தது என்று அப்புறம்தான் மண்டையில் ஏறியது. வர மறுத்தேனா? அஞ்சினேனா?

மகளைக் கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் மதிவதனி ஒன்றைத்தான் கேட்டாள்.

"அம்மா, வீசாவுக்கு விரல் ரேகை வெக்க நீ சென்னைக்கு வந்தியா?"

"இல்லியே. யாரும் கூப்புடலியே."

"நேர்ல வந்து வெக்காம வீசாவுக்குப் போடவே முடியாதும்மா. எனக்கு இது அப்பவே தோணியிருக்கணும். எல்லாம் சித்தப்பா பாத்துக்கறார்னு நீ சொன்னியேன்னு விட்டுட்டேன்."

டெம்போ டிராவலரின் புதுப் பெயின்ட் வாசனை பொன்னியின் மூக்கில் வந்து போனது. ஆரத்தித் தட்டைப் பிடித்த கையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தபடி இருந்தாள்.

அவள் போய்க் கேட்கவில்லை. கேட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். முதலில் சத்தியம் செய்வான். பிறகு காலில் விழுவான். பிறகு தவணை சொல்வான். பங்காளிகள் நாலு பேர் கூடி, குடும்பத்துக்குள்ள விட்டுக்குடும்மா என்பார்கள். காசு வரலாம், வராமலும் போகலாம். செத்துப்போனவள் காதில் போட்ட பொய்யை எந்தப் பஞ்சாயத்து திருப்பி எடுக்கும்? அவளுடைய சிநேகிதி அவளைக் கோழை என்று நினைத்துக்கொண்டே செத்தாள். அதற்கு ஈடு காசில் இல்லை.

வாயாபூரி அதற்குப் பிறகும் அவ்வப்போது செய்தி அனுப்பினார். தமக்கையின் நினைவாகக் கார்த்திகைத் தீபத்துக்கு வருவதாகவும், கோதண்டராமன் அழைத்து வரும் கூட்டத்தோடுதான் வர முடியும் என்றும் எழுதினார். பொன்னி, பயந்தது பற்றி மட்டும் பதில் சொல்லவில்லை. "நேர்ல பேசிக்கலாம் ஐயா" என்று குரலில் பதிந்து அனுப்பினாள். அடுத்த பதிவில், "இங்க வந்தா என்கிட்ட தவிர வேற யார்கிட்டயும் தமிழ் பேசாதீங்க. ஏன்னு அப்பால சொல்றேன்" என்றாள்.

"அவ்வாறே செய்வேன்" என்று பதில் வந்தது.

புரட்டாசியில் கோதண்டராமன் வந்தான். அவள் காபி போட்டுக் கொடுத்தாள்.

"அண்ணி, தீபத்துக்கு ஒரு பெரிய கூட்டம் வருது. தீவுக்காரங்கதான். ஆறு ரூமும் எனக்கு வேணும்."

"எடுத்துக்கப்பா."

"அட்வான்ஸ் ஏதாவது?"

"நமக்குள்ள இன்னா அட்வான்ஸ்? தீபம் முடிஞ்சு பாத்துக்கலாம்."

அவன் முகம் மலர்ந்தது. கூட்டத்திடம் அவன் வாங்குவது ஒன்று, அவளுக்குக் கொடுப்பது ஒன்று என்பது அவளுக்குப் பழைய செய்தி. காபி நன்றாயிருக்கிறது என்று சொல்லி இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தான். அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பொன்னி பார்த்துக்கொண்டிருந்தாள். குடி, நல்லா குடி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. இராமலிங்கம் என்ற சென்னைக்காரர் போன் செய்தார். முன்பு இரண்டு முறை தங்கியவர், கம்பெனி முதலாளி. தீபத்துக்குக் குடும்பத்தோடு வருகிறாராம், வீடு முழுவதும் வேண்டுமாம். அவர் சொன்ன தொகையைக் கேட்டு, தப்பாகக் காதில் விழுந்ததோ என்று பொன்னி திரும்பக் கேட்டாள். அதே தொகைதான். முழுதும் முன்பணமாகவே அனுப்புகிறேன் என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

மதிவதனி அந்த வாரம் ஊருக்கு வந்திருந்தாள். கேட்டதும் துள்ளினாள்.

"அம்மா, இந்த துட்டுல நீ தீவுக்கே போயிட்டு வந்துடலாம். அவங்க தம்பி கீறாரு, தங்கறதுக்கு இடம் கீது. இந்தத் தடவை வீசாவுக்கு நான் கூட்டினு போறேன்."

"கோதண்டத்துக்கு வாக்கு குடுத்துட்டேனே."

"அவனுக்கா? அவனுக்குக் கடைசி நிமிஷத்துல இல்லன்னு சொல்லு. கூட்டத்தோட நடுத்தெருவுல நிக்கட்டும். உன் பழியும் தீரும், துட்டும் வரும்."

பொன்னி அதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. பகலெல்லாம் அதைத்தான் யோசித்தாள். துணி துவைக்கும்போதும் அரிசி களையும்போதும் ஒரு கையில் தீவையும் ஒரு கையில் கோதண்டராமனையும் வைத்து நிறுத்துப் பார்த்தாள். மகள் சொன்ன வழி நல்ல வழிதான், கண்ணை மூடிக்கொண்டு பிடிக்க வேண்டிய வழி. ஆனால் தீபத்துக்குத் தெருவில் நிற்கப்போவது யார்? மரியானின் தம்பி. மரியானோடு ஒரே கோயிலில் சாமி கும்பிட்ட ஜனங்கள். கோதண்டராமன் அவர்களிடம் என்ன சொல்வான்? இந்தப் பொம்பளை ஏமாற்றிவிட்டாள், இவளை நம்பிக் கெட்டோம் என்பான். அவர்கள் பாஷையில் அவன் சொல்வதுதான் சட்டம். ஏற்கனவே ஒருத்தியிடம் கோழையென்று பெயர் வாங்கிக் கொடுத்தவன், இப்போது ஊருக்கே அவளை மோசக்காரி ஆக்குவான். அவனுக்கு நஷ்டம் நாலு நாள். அவள் பெயருக்கு நஷ்டம் நிரந்தரம்.

"வேணாம் மதி. அவங்க இங்கதான் வரணும். என் வூட்டுல, என் சோத்த துன்னுட்டு, நான் சொல்றத கேக்கணும்."

"கேட்டு?"

"அதுக்கப்புறம் ஒருத்தரும் அவன் வண்டில ஏறக் கூடாது."

"அவன் உனக்கு ரூம் துட்டு குடுப்பான்னு நெனக்கிறியா அப்பால?"

"குடுக்க மாட்டான்."

"அப்ப இவரு துட்டும் போச்சு, அவன் துட்டும் போச்சு. தீவும் போச்சு. அவனைப் பழிவாங்கவா இவ்வளவு செலவு?"

"ஆமாம்" என்றாள் பொன்னி.

மதிவதனி அம்மாவை ஒரு மாதிரி பார்த்தாள். அப்பாவின் அப்பா பங்காளியோடு வரப்புத் தகராறில் பதினைந்து வருஷம் பேசாமலே செத்துப்போன கதை அவளுக்குத் தெரியும். அது அப்பா வழி ரத்தத்தில் இருக்கிறது என்று நினைத்திருந்தாள். அம்மாவும் அப்படித்தான் என்று அவள் நினைத்ததில்லை.

மறுநாள் பொன்னி இராமலிங்கத்துக்குப் போன் செய்து வீடு காலியில்லை என்று சொன்னாள்.

கூட்டம் தீபத்துக்கு இரண்டு நாள் முன்பு வந்தது. டெம்போ டிராவலர் சந்து முனையில் நின்றது. மாலை போட்ட கோதண்டராமன் முதலில் இறங்கி ஒவ்வொருவராய்க் கைபிடித்து இறக்கினான். வாயாபூரி கடைசியில் இறங்கினார். ஒல்லியான மனிதர், மரியானின் அதே அகல நெற்றி. பொன்னியைப் பார்த்துக் கைகூப்பினார், ஒன்றும் பேசவில்லை. கோதண்டராமன் அவருக்குப் பிரெஞ்சில் ஏதோ சொல்லித் தோளில் தட்டினான். அவர் புன்னகைத்தார்.

தீபத்துக்கு முந்தின நாள் மாலை மொட்டை மாடியில் எல்லோருக்கும் சாப்பாடு போட்டாள். புளிசாதம், வடை, வெண்பூசணி கூட்டு, சேமியா பாயசம். மதிவதனியும் லீவு போட்டு வந்து பரிமாறினாள். வெயில் இறங்கி மலை ஊதா நிறமாகிக்கொண்டிருந்தது. உச்சியில் கொப்பரை ஏற்றியிருப்பது எறும்பு போலத் தெரிந்தது. தீவுக்காரர்கள் கையால் சாப்பிடக் கொஞ்சம் தடுமாறினார்கள், ஆனால் இலையை வழித்தார்கள்.

பாயசம் முடிந்ததும் பொன்னி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"தம்பி, நான் இவங்ககிட்ட ரெண்டு வார்த்த பேசணும். நீ அவங்க பாஷையில சொல்லு."

"தாராளமா அண்ணி" என்று கோதண்டராமன் உற்சாகமாய் எழுந்து பக்கத்தில் நின்றான்.

"நீங்க எல்லாரும் என் வூட்டுக்கு வந்ததுல எனக்கு சந்தோஷம்."

அவன் சொன்னான். கை தட்டினார்கள்.

"மரியானம்மா வருஷா வருஷம் உக்காந்து சாப்பிட்ட இடம் இது."

அவன் சொன்னான். ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவங்க என்னை உங்க ஊருக்குக் கூப்புட்டாங்க. நான் வரேன்னு சொன்னேன். என் புருஷன் போட்ட சங்கிலிய வித்து, அந்த துட்ட இவன் கையில குடுத்தேன்."

கோதண்டராமன் அவளைப் பார்த்தான். உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் இல்லை. "அண்ணி, இதெல்லாம் எதுக்கு இப்போ" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"சொல்லுப்பா. அவங்க காத்துனு இருக்காங்க."

அவன் கூட்டத்தைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னான். அவர்கள் வயிற்றைத் தடவிச் சிரித்தார்கள். சாப்பாட்டைப் பற்றி என்னவோ சொல்லியிருந்தான்.

வாயாபூரி தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்த அம்மையார் கூறியது அது அன்று" என்றார் தமிழில். நிறுத்தி நிதானமாக, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி. பிறகு தன் ஜனங்கள் பக்கம் திரும்பி அவர்கள் பாஷையில் பேசினார். சிரிப்பு நின்றது.

கோதண்டராமனின் முகத்தில் ரத்தம் வற்றியது. ஆடியிலிருந்து அந்த முகத்துக்காகத்தான் பொன்னி காத்திருந்தாள். அதை அவசரமில்லாமல் பார்த்தாள்.

"ஐயா, இனிமே நீங்க சொல்லுங்க. நான் சொல்றத சொல்றபடியே சொல்லுங்க" என்றாள்.

சொன்னாள். வீசா ஆபீசுக்கே போகாமல் வீசா இல்லையென்று இவன் சொன்னதை. பயந்து வரமாட்டேன் என்றதாக மரியானிடம் சொன்னதை. "கீழ நிக்குதே வண்டி, அதுக்கு ஆரத்தி எடுத்தவ நான். என் சங்கிலிதான் அந்த வண்டின்னு தெரியாம எடுத்தேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்று, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்ததைச் சொன்னாள்.

"பொய்யி. இது எங்க குடும்பத் தகராறு" என்றான் கோதண்டராமன். பிரெஞ்சிலும் படபடவென்று சொன்னான். கையை விரித்தான், சிரிக்கப் பார்த்தான்.

வாயாபூரி எழுந்து அவன் எதிரில் வந்து நின்றார்.

"ஒன்று மட்டும் கேட்கிறேன். இவர் அஞ்சினார் என்று என் தமக்கையிடம் நீர் சொன்னீரா, இல்லையா?"

கோதண்டராமன் பொன்னியைப் பார்த்தான். மதிவதனியைப் பார்த்தான். "அது... அவங்க மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு..." என்றான்.

வாயாபூரி அதையும் மொழிபெயர்த்தார்.

யாரும் கத்தவில்லை. கண்ணைத் துடைத்த கிழவி முதலில் எழுந்தாள். கோதண்டராமனைத் தாண்டிப்போய்ப் பொன்னியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவன் யாரிடமோ பேசப் போனான், அவர் முதுகைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் மாடி நடுவில் தனியாக நின்றுவிட்டுப் படியிறங்கிப் போனான். போகும்போது, "நல்லா இருங்க அண்ணி" என்றான்.

"இருப்பேன்" என்றாள்.

மறுநாள் தீபத்துக்கு ஊரே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. வண்டிகளை எங்கும் விடவில்லை. டெம்போ டிராவலர் நிறுத்திய இடத்திலேயே சந்து முனையில் நின்றது. கோதண்டராமனும் அதன் பக்கத்திலேயே காத்திருந்தான். மனசு மாறி யாராவது வருவார்கள் என்று நினைத்தானோ என்னவோ. உச்சியில் சுடர் எழுந்ததும் மாடியில் தீவுக்காரர்கள் அழுதுகொண்டே கைகூப்பினார்கள். தெருவெல்லாம் அரோகரா என்று அதிர்ந்தது. எல்லோரும் மேலே பார்த்தார்கள். பொன்னி மட்டும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே, ஆளில்லாத வண்டிக்குப் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தாள். போதும் என்று தோன்றும்வரை பார்த்துவிட்டுத்தான் மலையைக் கும்பிட்டாள்.

சிதம்பரம், மதுரை என்று அவர்கள் போக வேண்டிய ஊர்களுக்கு வாயாபூரி வேறு வண்டி பிடித்தார். கோதண்டராமனிடம் முன்பே கட்டிய பணத்தில் பாதிகூட வரவில்லை. கிளம்பும்போது பொன்னியிடம் அறை வாடகை என்று ஒரு கவரை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"அவன்கிட்ட ஒரு தரம் குடுத்துட்டீங்க. அதுக்கு மேல வாங்கினா எனக்கும் அவனுக்கும் இன்னா வித்தியாசம்?"

"அப்படியாயின் விமானச் சீட்டை நான் அனுப்பி வைக்கிறேன். தாங்கள் வர வேண்டும்."

"வரேன் ஐயா. என் துட்டுல வரேன்."

தீவு சின்ன ஊர் போலிருக்கிறது. பேச்சு பரவ அதிக நாள் பிடிக்கவில்லை. அடுத்த தையில் வருவதாக இருந்த கூட்டம் வரவில்லை. பங்குனியில் வர இருந்ததும் வரவில்லை. டிராவல்ஸ் கடையில் ஒரு ஷட்டர் மூடியது, பிறகு இரண்டாவதும் மூடியது. டெம்போ டிராவலரைத் தவணைக்காரர்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். அன்று பொன்னி மார்க்கெட்டுக்குப் போகிற சாக்கில் அந்தப் பக்கம் நடந்து போய், வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டு வந்தாள்.

வைகாசியில் ரேவதி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வா."

"வேணாக்கா. நாங்க கீழ்பென்னாத்தூருக்குப் போறோம், எங்க அப்பா வூட்டுக்கு. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்." காதில் தொங்கிய கம்மலைத் தொட்டாள். "அவரு பண்ணது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இத கழட்டிக் குடுத்திருப்பேன். நீங்க ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாம்."

பொன்னி அந்தக் கம்மலைப் பார்த்தாள்.

"நீங்க துட்ட கேக்கலக்கா. எங்க சோத்த கேட்டீங்க. என் பொண்ணு காலேஜ நிறுத்திட்டா. அவ இன்னா பண்ணா உங்கள?"

அது உண்மை. அந்தப் பெண் பொன்னியின் மடியில் வளர்ந்தவள். பொன்னி கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டாள். பரிந்து பேச ஒரு சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் மரியான் ஆயத்தம் செய்து வைத்திருந்த அறை கண்ணில் வந்து நின்றது. அது என்ன நிறம், சன்னல் எந்தப் பக்கம் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"ஆமாம் ரேவதி. சோத்ததான் கேட்டேன்" என்றாள். "பொண்ண என்கிட்ட அனுப்பு. காலேஜுக்கு நான் கட்டறேன். அவ பேர்ல எனக்கு ஒண்ணும் இல்ல."

"உங்க துட்டு எங்களுக்கு வேணாம்" என்று ரேவதி திரும்பி நடந்தாள். அவள் போனது சரியென்றே பொன்னிக்குப் பட்டது. தான் அவள் இடத்தில் இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டாள்.

அதன் பிறகு இரண்டு தீபம் போய்விட்டது. பொன்னி இன்னும் தீவுக்குப் போகவில்லை. ஒரு வருஷம் மாடி ஒழுகி, ஓடு போட வேண்டியதாயிற்று. ஒரு வருஷம் மதிவதனிக்குக் கல்யாணம் நடந்தது. வாயாபூரி எப்போதாவது கூப்பிட்டு, மலை மறுபடி பொங்குகிறது என்பார். வரேன் ஐயா என்பாள். பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் இல்லாமல்தான் சொல்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தும் வருகிறாள்.

சம்பந்தி வீட்டுக் காரியம் ஒன்றுக்காகப் போன மாதம் பஸ்ஸில் போனாள். கீழ்பென்னாத்தூரில் பஸ் நின்றபோது எதிரில் ஒரு பள்ளிக்கூட வேன் நின்றது. டிரைவர் சீட்டில் கோதண்டராமன். தலை முழுக்க நரைத்திருந்தது. குழந்தைகள் அவன் முதுகுக்குப் பின்னால் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் நிமிர்ந்தான், அவளைப் பார்த்தான். அவள் பார்வையை எடுக்கவில்லை. அவன்தான் எடுத்தான்.

பஸ் நகர்ந்தது. பாவம் என்று ஒரு நினைப்பு வரும் என்று பொன்னி காத்திருந்தாள். இந்த வயதில், இவ்வளவு நாளுக்குப் பிறகு, வந்தாக வேண்டும் என்று எண்ணினாள். கடைத்தெரு போயிற்று, நெல் வயல்கள் வந்தன. பாவம் வரவில்லை. வயிறுதான் பசித்தது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பியிருந்தாள். அடுத்த நிறுத்தத்தில் சன்னல் வழியாக வேகவைத்த வேர்க்கடலை ஒரு பொட்டலம் வாங்கி, உப்புச் சூட்டோடு ஒவ்வொன்றாய் உரித்துத் தின்றுகொண்டே போனாள்.